பாளையக்காரர் கதை கேட்ட ஸ்காட்லாந்து சர்வேயர்

பேரையூர்ல வளர்ந்தவங்களுக்கு ஜமீன் என்ற வார்த்தை புதுசு இல்ல. நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் எங்க ஊரும் ஒண்ணு, தும்பிச்சி நாயக்கர் வம்சம் ஆண்டது. இந்தப் பக்கத்துப் பாளையங்களின் பழைய வம்சாவளிகளைத் தேடிப் போனா, கடைசியில ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பேர்ல போய் நிற்போம். அவர்தான் காலின் மெக்கன்சி.

1754-ல் லூயிஸ் தீவில் இருக்கிற ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊரில் பிறந்தார். கேலிக் மொழியில் மேக் என்றால் மகன். மெக்கன்சி என்றால் கென்னத்தின் மகன். கிளான் என்ற சொல்லுக்கே பிள்ளைகள் என்றுதான் அர்த்தம். ஒரு தலைவர், அவர் கூப்பிட்டா சண்டைக்கு வர்ற ஆட்கள், அவரே தீர்ப்பு சொல்ற நிலம். நம்ம பாளையம் மாதிரியேதான், இல்லையா? 1746-ல் கலோடன் போரில் ஹைலேண்டர்கள் தோற்றதும் ஆங்கில அரசு ஆயுதங்களைப் பிடுங்கியது, கட்டம் போட்ட அவங்க உடையைக்கூட தடை செய்தது. அடுத்த வருஷம் தலைவர்களின் நீதி அதிகாரமும் போச்சு. மெக்கன்சி பிறந்தது அதுக்கு அப்புறம். கிளானின் பெருமையைக் கதையா மட்டும் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது.

முதலில் உள்ளூர் சுங்க அலுவலகத்தில் வேலை. 1783-ல் கம்பெனிப் படையில் சேர்ந்து மெட்ராஸ் வந்தார். அதுக்குள்ள ஒரு கணக்குக் காரணமும் இருந்தது. லாகரிதம் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வரலாற்றை நேப்பியர் பிரபு எழுத நினைத்தார், அதுக்காக இந்துக் கணிதம் பற்றித் தகவல் சேர்க்க மெக்கன்சி உதவினார். பிரபுவின் மகள் ஹெஸ்டர் கல்யாணமாகி இருந்தது நம்ம மதுரையில! அவங்க வீட்டில் தங்கி, மதுரைப் பண்டிதர்களோடு பேசினார். நாம முதல் வருஷ மேத்ஸ் பேப்பரில் திட்டித் தீர்த்த லாகரிதம், ஒருத்தரை மதுரை வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கு.

ஆனா அடுத்த பல வருஷம் போரும் சர்வேயும்தான். திருப்பம் 1796-ல். கவாலி வெங்கட போரய்யா என்ற இளைஞர் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். மெக்கன்சிக்கு நம்ம மொழிகள் தெரியாது. போரய்யாவும் அவர் தம்பி லட்சுமய்யாவும்தான் அவருடைய காதும் வாயும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மைசூர் சர்வே அவரிடம் வந்தது. சுமார் 40,000 சதுர மைல். சிவில் பசங்க டோட்டல் ஸ்டேஷன் ஸ்டாண்டை ஒரு கிரவுண்டில் நிமிர்த்தி வைக்கவே மதியம் ஆகுது, அவங்க காட்டுக் காய்ச்சலோடு இதைச் செய்தாங்க. அளக்கப் போன ஊர்களில் எல்லாம் கல்வெட்டு, ஓலை, கைபீது என்று எழுதி வாங்கினார்கள். 1803-ல் போரய்யா இறந்தார், வேலையை லட்சுமய்யா தொடர்ந்தார்.

எனக்கு உறுத்துற இடம் இதுதான். அதே 1799-ல் கட்டபொம்மன் தூக்கில். 1801-ல் தென்பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி கம்பெனி உத்தரவு, கோட்டைகள் இடிப்பு. மிஞ்சினவங்க வரி கட்டும் ஜமீன்தார் ஆனாங்க. கலோடனுக்குப் பிறகு ஹைலேண்டில் நடந்தது அப்படியே இங்க. இந்த முறை மெக்கன்சி நின்றது ஜெயித்த பக்கம். அவர் தொகுத்ததில் பாளையக்காரர் வம்சாவளிகளும் இருக்கு. அதிகாரம் போன பிறகு சொல்லப்பட்ட கதைகள் அவை, அதனால் உரிமையைக் காப்பாத்தும் ஆசையும் கலந்தே இருக்கும். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? கிளான் கதைகளும் அப்படித்தானே.

1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். ஊர் திரும்பவே இல்லை. 1821 மே 8-ல் கல்கத்தா அருகே இறந்தார், அங்கேயே பார்க் தெரு கல்லறையில் இருக்கிறார். 1,568 கையெழுத்துப் பிரதிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள் விட்டுப் போனார். தொகுப்பைக் கம்பெனி 10,000 பவுண்டுக்கு வாங்கியது. மீதி வேலையை நான் செய்கிறேன் என்று லட்சுமய்யா கேட்டார். இந்தியருக்கு அந்தத் தகுதி இல்லை என்று ஆசியாட்டிக் சொசைட்டி பக்கத்தில் முடிவானது. பல வருஷம் அந்த வேலையை நடத்தினதே அவர்தான்!

தமிழ்ப் பிரதிகளில் பெரும்பகுதி இப்போ சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கு. செமஸ்டர் லீவில் போய்ப் பார்க்கணும். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு அந்தக் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாளாகும். பக்கத்தில் ஒரு லட்சுமய்யா இருந்தா நல்லா இருக்கும்.