மண்ணில் ஓவியம் தீட்டிய மாதரசி

காலையில் பள்ளிக்குள் நுழையும் நம்மை முதலில் வரவேற்பவை பூஞ்செடிகளே. அவற்றுக்கு நீர் வார்க்கிறோம். விழா நாளில் மலர் கொய்கிறோம். ஆயினும், செடி நடுவதும் ஓவியம் வரைவதைப் போன்றதொரு கலையே என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அவ்வாறு எண்ணியதோடு நில்லாமல், எண்ணியதைச் செய்தும் காட்டியவர் இங்கிலாந்து நாட்டுக் கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார். அன்னாரின் வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

1843ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஜீக்கில் பிறந்தார். தந்தையார் ஒரு படை அதிகாரி. குழந்தைக்கு ஐந்து வயதாகுமுன் குடும்பம் சர்ரே மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குடியேறியது. அங்கே சிறுமி ஜீக்கில் வேலியோரங்களிலும் காட்டுப் பாதைகளிலும் சுற்றித் திரிந்து காட்டு மலர்களின் பெயர்களைக் கற்றார். கொல்லரும் தச்சரும் வேலை செய்வதை அருகில் நின்று பார்த்தார். கையால் செய்யும் எத்தொழிலும் இழிவானதன்று என்னும் எண்ணம் அன்றே அவர் நெஞ்சில் வேரூன்றியது.

செல்வக் குடும்பத்துப் பெண்கள் மணம் முடித்து வீட்டோடு இருப்பதே வழக்கமாயிருந்த காலம் அது. ஜீக்கிலோ 1861ஆம் ஆண்டில் இலண்டன் சவுத் கென்சிங்டன் கலைப் பள்ளியில் சேர்ந்தார். வண்ணங்கள் ஒன்றையொன்று எவ்வாறு எடுத்துக்காட்டும், எவ்வாறு மங்கச் செய்யும் என்பதை அங்கே முறையாகப் பயின்றார். டர்னர் என்னும் பேரோவியரின் படங்களில் நெஞ்சைப் பறிகொடுத்தார். ஓவியத்தோடு பூத்தையல், மரச் செதுக்கு, வெள்ளி வேலை ஆகியவற்றிலும் கைதேர்ந்தார்.

ஆனால், அவர் கண்களோ பிறரைப் போன்றவை அல்ல. கிட்டப்பார்வைக் குறை ஆண்டுதோறும் வளர்ந்து வந்தது. 1891ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு வீஸ்பாடன் நகரின் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவரை நாடிச் சென்றார். ஓவியத்தையும் நுண்ணிய தையல் வேலையையும் கைவிட வேண்டும், இல்லையேல் இருக்கும் பார்வையும் போய்விடும் என்பதே அம்மருத்துவரின் முடிவு. முப்பது ஆண்டு உழைத்துக் கற்ற கலையை நாற்பத்தேழாம் வயதில் விட்டுவிட வேண்டும்! இத்துயரம் எத்தகையது என்பதைத் தையலூசியைக் கையில் பிடித்த நாம் நன்கு உணர்வோம்.

ஜீக்கில் மனம் உடைந்து மூலையில் அமர்ந்துவிடவில்லை. மன்ஸ்டட் வுட் என்னுமிடத்தில் பதினைந்து ஏக்கர் நிலத்தை அவர் முன்பே வாங்கியிருந்தார். மணற்பாங்கான, வளங்குன்றிய பூமி அது. அதனையே தம் ஓவியத் திரையாகக் கொண்டார். தூரிகைக்குப் பதிலாக மண்வெட்டி. வண்ணக் குழம்புக்குப் பதிலாக மலர்கள்!

அக்காலத்துத் தோட்டங்கள் எவ்வாறிருந்தன? கண்ணாடி வீட்டில் வளர்த்த அயல்நாட்டுச் செடிகளை வட்டமாகவும் சதுரமாகவும் கம்பளம் விரித்தாற்போல் நடுவார்கள். பருவம் முடிந்ததும் பிடுங்கி எறிவார்கள். இம்முறையை எதிர்த்து எழுதியவர் வில்லியம் ராபின்சன். மண்ணுக்கேற்ற உறுதியான செடிகளை இயற்கையாக வளரவிட வேண்டும் என்பது 1870ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் கருத்து. ஜீக்கில் அவருடைய நண்பராகி, அவர் நடத்திய இதழில் கட்டுரைகள் எழுதினார். ராபின்சனின் இயற்கை நெறியோடு தம் ஓவிய அறிவையும் இணைத்ததே அம்மையாரின் தனிச் சிறப்பு.

அவரது புகழ்பெற்ற மலர்ப் பாத்தி ஏறத்தாழ 200 அடி நீளமும் 14 அடி அகலமும் உடையது. இரு முனைகளிலும் சாம்பல் நிற இலைகளும் வெள்ளை, இளமஞ்சள் மலர்களும் இருக்கும். நடுவை நோக்கிச் செல்லச் செல்ல மஞ்சள் ஆழ்ந்து செம்மஞ்சளாகும். நடுவிலோ டேலியாவும் கல்வாழையும் தீயெனச் சிவந்து நிற்கும். நம் ஊர் வாய்க்கால் ஓரத்தில் நாம் பொருட்படுத்தாத கல்வாழைக்கு அங்கே நடுவிடம் கிடைத்தது! செடிகளைச் சதுரமாக நடாமல் நீண்டு ஒடுங்கிய கூட்டங்களாக நட்டார். ஒரு கூட்டம் பூத்து ஓய்ந்தாலும் வெற்றிடம் பெரிதாகத் தெரியாது. டெல்ஃபினியம் பூத்து முடிந்ததும் பின்னால் நின்ற பட்டாணி இனக் கொடியை அதன்மேல் படரவிட்டார். அதுவும் ஓய்ந்தபின் கிளமட்டிஸ் கொடி வந்து மூடியது.

காட்டுப் பகுதியிலோ அவர் கை இருந்ததே தெரியாது. பைன் மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் தாமாக முளைத்த கன்றுகளைப் பொறுமையாகக் கவனித்தார். ஓரிடத்தில் பூர்ச்ச மரம், மற்றோரிடத்தில் வேறொரு மரம் என ஓரினமே ஓங்குமாறு மற்றவற்றைக் களைந்தார். மண் எதை வளர்க்க விரும்புகிறதோ அதனை அறிந்து துணை நிற்பதே தோட்டக்காரரின் கடமை எனக் கருதினார்.

1889ஆம் ஆண்டில் இருபது வயது இளைஞர் ஒருவரை அவர் சந்தித்தார். பிற்காலத்தில் புது தில்லி மாநகரை அமைத்து, இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டிய எட்வின் லட்யன்ஸ் அவர்களே அந்த இளைஞர். மன்ஸ்டட் வுட் இல்லத்தைக் கட்டும் பொறுப்பை அம்மையார் அவருக்கு அளித்தார். வீடும் தோட்டமும் ஒன்றெனத் தோன்றும் பல இடங்களை இருவரும் சேர்ந்து படைத்தனர். வாழ்நாளில் அம்மையார் திட்டமிட்ட தோட்டங்கள் ஏறத்தாழ நானூறு. முதுமையில் பயணம் இயலாதபோது, தொலைவிலுள்ளோர் அனுப்பிய நில வரைபடத்தையும் மண்ணையும் கொண்டே திட்டம் வரைந்து கொடுத்தார். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களுக்காகப் பிரான்சு நாட்டில் அமைந்த கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றுக்கும் அவரே மலர்த் திட்டம் தந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

1897ஆம் ஆண்டில் அரசத் தோட்டக்கலைச் சங்கம் விக்டோரியா பதக்கத்தை முதன்முதலாக அறுபது பேருக்கு வழங்கியது. அவர்களுள் பெண்கள் இருவரே, ஒருவர் ஜீக்கில். 1908ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கென்றே தோட்ட நூல் ஒன்றை எழுதினார். தோட்டத்தில் விளையாடும் தம் பூனைகளுக்கும் அதில் இடமளித்தார்! 1920ஆம் ஆண்டில் அவரது உருவத்தை வரைய வந்த வில்லியம் நிக்கல்சன் என்னும் ஓவியர் அவருடைய தேய்ந்த தோட்டக் காலணிகளையும் தனிப்படமாக வரைந்தார். அவ்வம்மையாரின் உழைப்பை அக்காலணிகளே சொல்லும்.

1932ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில் அம்மையார் மறைந்தார். லட்யன்ஸ் அமைத்த கல்லறையில் ஓவியர், தோட்டக்காரர், கைவினையாளர் என மூன்று தொழில்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

ஓவியம் சுவரில் நிற்கும். தோட்டமோ கவனிப்பாரின்றேல் சில ஆண்டுகளில் காடாகும். அம்மையாரின் தோட்டங்கள் பலவும் அவ்வாறே அழிந்தன. ஆயினும் அவர் வரைந்த திட்டங்கள் பிழைத்தன. அமெரிக்கத் தோட்டக் கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்னும் பெண்மணி அவற்றுள் பெரும்பகுதியை விலைக்கு வாங்கிக் காத்து, 1955ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். ஹெஸ்டர்கூம் என்னுமிடத்துத் தோட்டம், பழைய வரைபடங்களின் துணையால் 1973ஆம் ஆண்டு முதல் மீண்டும் உயிர் பெற்றது. மன்ஸ்டட் வுட்டையும் 2023ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

அன்புத் தோழியரே! விரும்பிய பாடம் கிட்டாதபோதும், எண்ணிய மதிப்பெண் வராதபோதும் எல்லாம் முடிந்ததென்று நாம் கலங்குகிறோம். ஒரு வாயில் அடைபட்டபோது, தாம் கற்றதில் ஒன்றையும் வீணாக்காமல் மற்றொரு வாயில் வழியே எடுத்துச் சென்றார் ஜீக்கில். நாளை செடிக்கு நீர் வார்க்கும்போது அம்மையாரை நினைப்போம். எந்தச் செடிக்கு அருகில் எந்தச் செடி அழகு பெறும் என்பதையும் ஒரு கணம் நின்று பார்ப்போம்.