இருபத்து மூன்றில் மறைந்த ழாக் எர்பிரான்



சென்ற பருவத்தில் புரோலாக் என்னும் தருக்க நிரல்மொழியைக் கற்கப் புகுந்தேன். அதற்கு முன் இரண்டாண்டுகள் ஹாஸ்கெல் மொழியிலேயே தோய்ந்து கிடந்தவன் நான். அங்கே எல்லாம் சார்புகள். உள்ளீடு போகும், விடை வரும். ஆறு ஒரே திசையில் ஓடுவது போல. இரு பட்டியல்களை இணைக்கும் சார்புக்கு ‘1, 2’ என்பதையும் ‘3’ என்பதையும் கொடுத்தால் ‘1, 2, 3’ கிடைக்கும். புரோலாக்கிலோ ‘1, 2, 3’ என்பதையே கொடுத்து, எவ்விரண்டை இணைத்தால் இது வரும் என்று கேட்கலாம். நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகத் தருகிறது! எந்தச் சார்பு இதைச் செய்கிறது என்று தேடித் தேடி அலுத்தேன். நான் தேடியது சார்பை. அங்கே இருந்ததோ உறவு. இம்மயக்கத்தைத் தெளிவித்தவர் ஒரு பிரெஞ்சு இளைஞர். நம் வகுப்புகளில் ஹெர்பிராண்ட் என்று ஒலிக்கும் பெயருக்கு உரியவர்.

ழாக் எர்பிரான் 1908 பிப்ரவரி 12ஆம் நாள் பாரிசில் பிறந்தார். 1925இல், பதினேழாம் வயதில், எகோல் நோர்மால் சுப்பீரியரில் முதல் மாணவராகத் தேறிச் சேர்ந்தார். கணிதத் தருக்கவியலில் தோய்ந்த ஆசிரியர்கள் அன்றைய பாரிசில் அரியர். ஜெர்மனியில் ஹில்பெர்ட் தொடங்கிய நிறுவல் ஆராய்ச்சியை அவர் ஆழ்ந்து பயின்று, 1929இல், 21ஆம் வயதில் ஆய்வுரையை முடித்துவிட்டார். பிறகு ஓராண்டுப் படைப்பணி. 1930 ஜூனில் சொர்போனில் பட்டம் பெற்றார். ஆய்வுரை அச்சேறியது பாரிசில் அன்று, வார்சாவில்!

அதன் ஒரு மூலையில்தான் எனக்கு வேண்டிய சாவி இருந்தது. ‘தந்தை (சேரன், அ)’, ‘தந்தை (ஆ, கண்ணன்)’ என இரு கோவைகள் உள்ளன என்க. இரண்டும் ஒன்றாக வேண்டுமானால் ‘ஆ’ சேரன் ஆகவேண்டும். ‘அ’ கண்ணன் ஆகவேண்டும். செய்தி இரு பக்கமும் பாய்கிறது. உள்ளீடு எது, விடை எது என்ற பேதமே இல்லை. இரு கோவைகளையும் உறுப்பு உறுப்பாகச் சமன் செய்துகொண்டே போ. மாறி எதிர்ப்பட்டால் எதிரில் உள்ளதை அதற்கு ஈடாக வை. ஆனால் எதிரில் உள்ள கோவைக்குள் அம்மாறியே இருத்தல் ஆகாது. இதுதான் அவர் வகுத்த முறை. வேடிக்கை என்னவெனில், ஹாஸ்கெல் மொழி நம் நிரல்களுக்கு வகை கண்டுபிடிப்பதும் இதே முறையால்தான். இரண்டாண்டுகள் அதன் நிழலில் இருந்தும் நான் அறியவில்லை.

1930இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகை பெற்று ஜெர்மனி சென்றார். பெர்லினில் ஃபான் நாய்மன், ஹாம்பர்கில் ஆர்ட்டின், கோட்டிங்கனில் எம்மி நோதர் ஆகியோரிடம் பழகினார். 1931 ஏப்ரல் 7ஆம் நாள் கூர்ட் கோடெலுக்கு ஒரு மடல் எழுதினார். சமன்பாடுகளைக் கொண்டே சார்புகளை வரையறுக்கலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. அதைக் கோடெல் திருத்தி, 1934இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய விரிவுரைகளில் பொதுவான மீள்சார்புகளாக வளர்த்தார். ஆக, என் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் கால்கோள் இட்டவர்களில் இவர் ஒருவர்.

கோடெலின் மறுமொழி ஜூலை 25ஆம் நாளிட்டது. ஜூலை 27ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையில் தோழர்களுடன் ஏறச் சென்ற எர்பிரான் விபத்தில் மாண்டார். அகவை 23. என் அகவையும் அதுவே. இவ்வரியில் பேனா சற்று நின்றது.

அவருடைய நிறுவலில் ஒரு பிழை இருந்ததை 1963இல் தருக்கவியலார் வெளியிட்டனர். 1966இல் அது செப்பனிடப்பட்டது. 1965இல் ராபின்சன் கோவைகளை ஒன்றாக்கும் முறையைக் கணிப்பொறிக்கு ஏற்றதாக்கினார். 1972இல் மார்செய் நகரில் கோல்மரோவரும் ரூசெலும் புரோலாக்கைப் படைத்தனர்.

சென்ற மாதம் என் நிரல் ஒன்று முடிவின்றிச் சுழன்றது. இரவு முழுதும் தேடினேன். ஒரு மாறி, தன்னையே உள்ளடக்கிய பட்டியலோடு ஒன்றாகியிருந்தது. எர்பிரான் விதித்த அந்தத் தடையை, விரைவை எண்ணிப் புரோலாக் இயல்பாகச் சோதிப்பதில்லை. வேண்டுமென்று நாமே கேட்கவேண்டும்; நான் கேட்கவில்லை.