வெறுங்கால் அணியின் தலைவர்

1948-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி. லண்டன் ஒலிம்பிக் பந்தயம்.

லண்டனை அடுத்த இல்போர்டு என்ற ஊரில், இரண்டு கால்பந்து அணிகள் மைதானத்தில் இறங்கின. ஒன்று பிரான்சு. மற்றொன்று, சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட நிறையாத இந்தியா!

பிரெஞ்சுக்காரர்கள் காலில் பூட்சு இருந்தது. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வெறுங்கால்தான்.

இந்திய அணியின் தலைவர் பெயர் தாலிமேரன் ஆவோ. வயது 30. நாகா இனத்தவர். மருத்துவக் கல்லூரி மாணவர்.

தந்தையின் ஆசை

ஆவோ 1918 ஜனவரி 28-ந் தேதி, நாகா மலையில் உள்ள சாங்கி கிராமத்தில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் பாதிரியார். மகன் டாக்டராகி, தன் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. 1935-ல் டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டு போய்விட்டது.

மகன் அந்த ஆசையை மறக்கவில்லை. கவுகாத்தி காட்டன் கல்லூரியில் படித்தார். பிறகு கல்கத்தா சென்று கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். (இப்போதைய ஆர்.ஜி.கர் கல்லூரி அதுதான்.)

பந்தும் அவரை விடவில்லை. 1943-ல் மோகன் பகான் சங்கத்தில் சேர்ந்தார். 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாள அணியைத் தோற்கடித்துக் கேடயம் வென்ற சங்கம் அது. ஆவோ அதன் தலைவராகவும் உயர்ந்தார். எதிரியின் காலில் இருக்கும் பந்தைப் பறிப்பதில் சூரர்!

கைநழுவிய வெற்றி

ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவரும் ஆவோதான். புதுச்சேரியில் அப்போது பறந்ததோ பிரெஞ்சுக் கொடி. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1-ந் தேதிதானே! சட்டப்படி பார்த்தால், புதுச்சேரிக்காரர்கள் அன்று பிரான்சு அணிக்குத்தான் கை தட்டியிருக்க வேண்டும்.

முதல் கோல் பிரான்சுக்கு. பெங்களூர் வீரர் சாரங்கபாணி ராமன் 70-வது நிமிடத்தில் பதில் கோல் போட்டார். இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தன. எதிரே கோல் காப்பவர் ஒருவர் மட்டுமே நிற்க, பந்தை அடிக்கும் வாய்ப்பு அது. இரண்டும் வீண்! ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, பிரான்சு இன்னொரு கோல் போட்டது.

2-க்கு 1. இந்தியா தோற்றது. ஆனால், வெறுங்கால் ஆட்டத்தைப் பார்த்த லண்டன்வாசிகள் வியந்து போனார்கள்.

புகழா, படிப்பா?

லண்டனில் புகழ் பெற்ற ஆர்சனல் சங்கம், தங்களோடு ஆட வருமாறு ஆவோவை அழைத்ததாகச் சொல்வார்கள். பணமும் புகழும் தேடி வந்த நேரம். அவர் கல்கத்தாவுக்குத் திரும்பிப் பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

1950-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில் கோகிமா மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. அதன் சுகாதாரத் துறைக்கு இயக்குநராகி, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13-ந் தேதி, 80-வது வயதில் மறைந்தார்.

2018-ல், அவர் பிறந்த நூற்றாண்டின்போது, இந்தியத் தபால் துறை அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.