மேடையில் ஊமை, நூலில் நாவலன்: மேரி ஷெல்லியின் வாழ்வு

மேரி ஷெல்லி 1797 ஆகஸ்ட் 30 அன்று இலண்டனில் பிறந்தார். பெண்ணுரிமைக்கு நூல் இயற்றிய தாயார் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், மகளை ஈன்ற பதினோராம் நாள் மறைந்தார். தத்துவ அறிஞரான தந்தை வில்லியம் காட்வினின் நூலகமே மகளுக்குப் பள்ளியாயிற்று. பதினாறாம் வயதில் கவிஞர் ஷெல்லியோடு வீட்டைத் துறந்தார். மறு ஆண்டு பிறந்த முதற்குழந்தை சில நாள்களிலேயே இறந்தது.

1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழை. முந்திய ஆண்டு தம்போரா எரிமலை கக்கிய சாம்பல் வானிலையைக் குலைத்திருந்தது. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாமென்று கவிஞர் பைரன் கூற, பதினெட்டு வயது மேரி தொடங்கியதே 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரின்றி 500 படிகள் அச்சேறின.

அதன்பின் மேலும் இரு குழந்தைகளை அவர் பறிகொடுத்தார். 1822இல் ஷெல்லி இத்தாலியக் கடலில் மூழ்கி மாண்டார். எஞ்சிய ஒரே மகனோடு 1823 ஆகஸ்டில் மேரி இலண்டன் திரும்பியபோது, ரிச்சர்டு பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகமாக அவர் கதை ஆங்கில ஆப்பரா அரங்கில் நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 29 அன்று தந்தையுடன் சென்று கண்டார். நடிகர் பட்டியலில் படைப்புயிரின் பெயருக்குரிய இடத்தில் வெறுங்கோடு மட்டும் இருந்தது. அந்த உத்தி அவருக்குப் பிடித்திருந்தது.

அம்மேடையில் டி. பி. குக் என்னும் நடிகர் ஏற்ற படைப்புயிர் பேசுவதில்லை. உடலசைவால் மட்டுமே அரங்கை நடுங்கச் செய்தது. நாடகத்தின் வரவேற்பைக் கண்ட காட்வின், அவ்வாண்டே மகளின் பெயர் தாங்கிய இரண்டாம் பதிப்பை வெளிக்கொணர்ந்தார். அரங்கிலிருந்து நூலுக்கு வந்தவர்களை எதிர்கொண்டது வேறோர் உயிர். அது குடிசைச் சுவரின் இடுக்கில் கண்வைத்து, ஏழைக் குடும்பமொன்றின் உரையாடலைக் கேட்டு மொழி பயில்கிறது. மில்டனையும் புளூட்டார்க்கையும் கெதேயையும் கற்கிறது. பின்னர் தன்னைப் படைத்தவனை நேரில் கண்டு, ஆக்கியபின் ஏன் கைவிட்டாய் என்று வழக்குரைக்கிறது. தாயின் முகமறியாது வளர்ந்து, குழந்தையையும் இழந்த ஒருவர் எழுப்பிய வினா அது.

எழுத்தையே பிழைப்பாகக் கொண்டு மகனை வளர்த்த மேரி, 1831இல் நாவலைத் திருத்தி வெளியிட்டார். 1839இல் கணவரின் கவிதைகளைக் குறிப்புகளுடன் பதிப்பித்தார். 1851 பிப்ரவரி 1 அன்று 53ஆம் வயதில் காலமானார். 1931ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்திலும் போரிஸ் கார்லாஃப் ஏற்ற அவ்வுயிர் உறுமியதேயன்றிப் பேசவில்லை. மேரி அதற்கு அளித்த சொல்வன்மை நூலில் இன்றும் இருக்கிறது. மேடையிலும் திரையிலும் அதைக் கண்டு அஞ்சியவர், நூலில் அதன் குரலைக் கேட்டபின் அதற்காக இரங்காமல் இருத்தல் அரிது.