மனநோய்க்கு மருந்து கண்ட மருத்துவர் ஜான் கேட்

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் உள்ள சாங்கி என்னும் இடத்தை நாம் அனைவரும் அறிவோம். இன்று அப்பெயரைக் கேட்டவுடன் வானூர்தி நிலையமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், 1942ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை அங்கே பல்லாயிரம் போர்க்கைதிகள் பசியோடும் பிணியோடும் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுள் ஒருவராக மூன்றரை ஆண்டுகள் துன்புற்ற ஒரு மருத்துவர், பிற்காலத்தில் உலகெங்கும் மனநோயாளர் பலருக்கு மறுவாழ்வு அளித்த மருந்தைக் கண்டறிந்தார். அவரே ஆஸ்திரேலிய நாட்டைச் சேர்ந்த டாக்டர் ஜான் கேட். அவருடைய வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

ஜான் கேட் 1912ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18ஆம் நாள் விக்டோரியா மாநிலத்தில் உள்ள மர்ட்டோவா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையாரும் மருத்துவரே. முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய தந்தையார் உள்ளம் மிகவும் சோர்ந்திருந்தார். ஆகவே, ஊரில் நடத்திவந்த மருத்துவத் தொழிலை விட்டு, அரசாங்க மனநோய் மருத்துவமனைகளில் வேலை ஏற்றார். மருத்துவமனை வளாகத்திற்குள்ளேயே குடும்பத்திற்கு வீடு கொடுக்கப்பட்டது. இதனால், பிறர் அஞ்சி ஒதுங்கிய நோயாளிகளை நாள்தோறும் கண்டு பழகும் வாய்ப்பு ஜானுக்கு இளமையிலேயே கிட்டியது.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1934ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இளம் மருத்துவராக இருந்தபோது கடுமையான நுரையீரல் காய்ச்சல் அவரைத் தாக்கியது. அந்நாளில் அவரைப் பேணிக் காத்த தாதியையே 1937ஆம் ஆண்டு மணந்துகொண்டார். பின்னர்த் தந்தையாரைப் போலவே மனநோய் மருத்துவத்தில் ஈடுபட்டார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. படை மருத்துவராகச் சேர்ந்த கேட் அவர்கள், 1941ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் குயின் மேரி என்னும் பெருங்கப்பலில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஓராண்டு கழித்து, 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவரும் கைதியாகிச் சாங்கிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அரிசிக்கும் மருந்துக்கும் மக்கள் ஏங்கிய அக்காலத்தின் கொடுமையை நம் தோட்டத்து முன்னோரும் பட்டறிந்தவர்களே.

முகாமில் மனம் பேதலித்த கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கையில் மருந்தில்லை, கருவியில்லை. இருந்தவை இரு கண்களும் பொறுமையுமே. சத்தற்ற உணவால் கைதிகளுக்குப் பெரிபெரி முதலிய நோய்கள் வந்தன. உயிர்ச்சத்துக் குறைவு உடலை மட்டுமன்றி அறிவையும் கலங்கச் செய்வதுண்டு. இவற்றையெல்லாம் கண்ட அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. மனநோய் என்பது சாபமன்று; மனவலிமை இல்லாமையும் அன்று; காய்ச்சலைப் போல உடலில் தோன்றும் ஒரு கோளாறாகவே அது இருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

1945ஆம் ஆண்டு எலும்பும் தோலுமாக விடுதலை பெற்று நாடு திரும்பியவர், நெடுநாள் ஓய்வை நாடவில்லை. மெல்பர்ன் நகரை அடுத்த பண்டூராவில், போர்வீரர்களுக்கான மனநோய் மருத்துவமனையில் பணி ஏற்றார். அங்கே பயன்படாமல் கிடந்த ஒரு சமையல் சாமான் அறையே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று.

அந்நாளில் பித்து நோய் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. அந்நோய் கண்டவர் சில காலம் உறக்கமின்றி, ஓயாது பேசி, கைப்பொருளை வாரி இறைத்து, ஆரவாரம் செய்வார். வேறு சில காலம் உள்ளம் இடிந்து மூலையில் முடங்கிக் கிடப்பார். இதனை இப்போது இருமுனை மனநோய் என்று வழங்குகின்றனர். நிலையான நன்மை தரும் மருந்து அதற்கு அப்போது இல்லை. பலர் ஆண்டுக்கணக்கில் பூட்டிய கூடங்களிலேயே வாழ்ந்தனர்.

உடலில் மிகுதியாகச் சேரும் ஏதோ ஒரு நச்சுப் பொருளே இந்நோய்க்குக் காரணம் என்றும், அது சிறுநீரில் வெளிப்படும் என்றும் கேட் அவர்கள் ஊகித்தார். நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து, எலியினத்தைச் சேர்ந்த கினிப்பன்றி என்னும் சிறு பிராணிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார். சிறுநீர்ப் புட்டிகள் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உணவுப் பொருள்களின் அருகிலேயே இருந்தன என்றால், அவருடைய துணைவியாரின் பொறுமையை என்னென்பது!

சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தை ஆராய விரும்பிய அவருக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. அது நீரில் எளிதில் கரைவதில்லை. லித்தியத்துடன் சேர்த்தால் நன்கு கரையும் என்பதை அறிந்து, லித்தியம் உப்பைப் பயன்படுத்தினார்.

லித்தியம் என்பது யாது? அஃது ஓர் உலோகம். உலோகங்கள் அனைத்திலும் எடை குறைந்தது. கத்தியால் வெட்டக்கூடிய அளவுக்கு மென்மையானது, எண்ணெயிலும் மிதக்கும். 1817ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆர்ஃப்வெட்சன் என்பவர் இதனை ஒரு பாறைப் பொருளில் கண்டறிந்தார். கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குப் பெயர் வந்தது.

லித்தியம் உப்பைச் செலுத்திய இரண்டு மணி நேரத்தில் வியப்பூட்டும் மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. எளிதில் மிரண்டு ஓடும் கினிப்பன்றிகள் அமைதியடைந்தன. மல்லாக்கக் கிடத்தினாலும் துள்ளி எழாமல் அவரையே பார்த்துக் கொண்டிருந்தன. அவருடைய நச்சுப்பொருள் ஊகம் சரியன்று என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. எனினும், ஊகம் பிழைத்தாலும் கண்கள் பிழைக்கவில்லை. எதிர்பாராமல் கண்டதை அவர் புறக்கணிக்காமல் பின்தொடர்ந்தார். அறிவியல் வளர்வது இவ்வாறே என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

பிறருக்குக் கொடுக்குமுன் அம்மருந்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார். பின்னர், 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஐந்தாண்டுகளாகப் பித்து நோயால் அலைக்கழிந்த 51 வயது நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். எவருக்கும் அடங்காதவர் எனப் பெயரெடுத்த அம்மனிதர் சில வாரங்களில் தெளிவு பெற்றார்; ஜூலைத் திங்களில் வீடு திரும்பித் தம் பழைய வேலையிலும் சேர்ந்தார். மருந்து பெற்ற பித்து நோயாளிகள் பதின்மரும் குணமடைந்து வந்தனர். இம்முடிவுகளை 1949 செப்டம்பர் 3ஆம் நாள் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார்.

ஆயினும், வெற்றியோடு துயரமும் வந்தது. முதல் நோயாளி மருந்து உண்பதை நிறுத்தியதால் நோய் மீண்டது. மீண்டும் மருந்தளித்தபோது அதுவே நஞ்சாகி, 1950ஆம் ஆண்டு அவர் உயிர் துறந்தார். அமெரிக்காவிலும், சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பை உண்ட இதய நோயாளிகள் சிலர் 1949இல் மாண்டிருந்தனர். கேட் அவர்கள் மனம் வருந்தி, தம் மருத்துவமனையில் அம்மருந்தை நிறுத்திவிட்டார். தம் புகழைவிட நோயாளியின் உயிரைப் பெரிதெனக் கருதிய பண்பு இதில் விளங்குகிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வளவைக் காணும் வழியைப் பிறர் கண்டனர். மெல்பர்னில் நோவாக், டிராட்னர் ஆகிய இருவரும் நோயாளியின் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைச் சோதித்து மருந்து தந்து, 1951ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கோ என்னும் மருத்துவர் 1954இல் முறையான ஆய்வு நடத்தி மருந்தின் பயனை உறுதி செய்தார். அவருடைய உடன்பிறந்தார் ஒருவரும் மனச்சோர்வு நோயினின்று லித்தியத்தால் மீண்டவரே. 1970ஆம் ஆண்டு அமெரிக்க அரசும் இம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது.

கேட் அவர்கள் 1952ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரை மெல்பர்ன் ராயல் பார்க் மனநோய் மருத்துவமனையின் தலைவராகத் தொண்டாற்றினார். 1976இல் ஆஸ்திரேலிய அரசின் சிறப்பு விருதைப் பெற்றார். 1980 நவம்பர் 16ஆம் நாள், தம் 68ஆம் அகவையில் இயற்கை எய்தினார். இயற்கையில் கிடைக்கும் லித்தியத்தை எந்த நிறுவனமும் தனியுடைமை ஆக்க இயலாது. ஆதலால், ஏழை எளியோரும் பெறக்கூடிய மலிவான மருந்தாக அது நிலைத்துள்ளது. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் நிலையினின்றும் அது பலரைக் காத்திருக்கிறது. நம் கைப்பேசியின் மின்கலத்தில் இருப்பதும் இதே லித்தியமே. அத்தகைய மின்கலத்தை உருவாக்கிய அறிஞர் மூவர் 2019ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! நம்மிடையே ஒருவர் மனம் கலங்கினால் நாம் என்ன செய்கிறோம்? பேய் பிடித்தது என்கிறோம், செய்வினை என்கிறோம், வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என வீட்டுக்குள் மறைக்கிறோம். தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாக்கிச் சிரித்ததும் உண்டு. கோயிலில் வேண்டுதல் செய்வோம். அதனோடு நோயாளியை மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். மருந்து கொடுக்கப்பட்டால், குணம் தெரிந்தவுடன் நாமாக நிறுத்தாமலும், விரைவில் குணமாகட்டும் என்று நாமாகக் கூட்டாமலும், குறித்த காலத்தில் இரத்தச் சோதனை செய்து மருத்துவர் சொற்படி நடப்போம்.

கைதி முகாமிலும் சக மனிதரின் துன்பத்தை உற்று நோக்கியவர் ஜான் கேட். மனம் நொந்தவரைக் கண்டு நகைக்காமல் அவருக்குத் துணை நிற்பதே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.