சட்டத்தோடு சோற்றையும் யோசித்த டாக்டர் முத்துலட்சுமி அம்மா



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் நம் குழுக்களில் தெரியாதவர்கள் இல்லை. மாசமாக இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து வாங்குகிற மகப்பேறு நிதியுதவி அவர் பெயரில்தான் வருகிறது. முத்துலட்சுமி பணம் வந்துடுச்சா என்று நாம் சர்வ சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறோம். போன வருஷம் கூட்டமைப்புப் பயிற்சியில் அந்த அம்மாவைப் பற்றி ஒரு ஆவணப்படம் போட்டார்கள். அதில் பார்த்ததையும், பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த குடும்பத்தில் பிறந்தவர். அந்த வழக்கம் என்ன செய்யும் என்பதை முத்துலட்சுமி சின்ன வயதிலிருந்தே பக்கத்தில் பார்த்து வளர்ந்தார்.

ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்ததும் ஊரில் பெரிய எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான்தான் அனுமதி கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தபோதும், தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார்.

சென்னை மாகாணத்தில் 1921-இலேயே சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது. ஆனால் சட்டசபைக்குள்ளே ஒரு பெண் கூட இல்லை. மாதர் சங்கத்தினர் முயற்சி எடுத்து முத்துலட்சுமியின் பெயரைக் கொடுத்தார்கள். 1926-இல் அரசு அவரை நியமித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். உள்ளே போனதும் எல்லா உறுப்பினர்களும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை ஆண்கள் நடுவே அவர் ஒருவர்தான் பெண். கிடைத்த நாற்காலியை அவர் கௌரவத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிப்பதைக் கையில் எடுத்தார்.

பொட்டுக்கட்டுவது என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சிறுமியாக இருக்கும்போதே ஒரு பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவார்கள். அதன் பிறகு அவளுக்குக் கல்யாணம் கிடையாது. ஆடலும் பாடலும் கற்றுக்கொண்டு கோயில் சேவை செய்ய வேண்டும். நடைமுறையில் வசதியான ஆண்களை அண்டிப் பிழைக்க வேண்டிய நிலை. இதற்கு முடிவு கட்டணும் என்று முத்துலட்சுமி பேசியபோது சாஸ்திரம், கலாச்சாரம் என்று சொல்லிப் பெரிய மனிதர்கள் எதிர்த்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், பெரியார் போன்றவர்கள் ஆதரித்தார்கள்.

ஆனால் இன்னொரு எதிர்ப்பும் வந்தது. அந்தப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் அரசுக்கு மனு கொடுத்தார்கள். இந்த வழக்கம் போனால் எங்கள் பிழைப்புக்கு வழி என்ன என்பதும் அவர்கள் கேள்விகளில் ஒன்று. நான் இந்த இடத்தில் நின்று யோசித்தேன். அது நியாயமான கேள்விதானே?

விஷயம் இதுதான். கோயில் சேவைக்காகப் பல குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. சேவை செய்தால்தான் நிலம். நிறுத்தினால் நிலம் போய்விடும். அதனால் வெளியே வர நினைத்தவளுக்கும் கால் கட்டியே இருந்தது. முத்துலட்சுமியின் முயற்சியில் 1929-இல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி அந்தப் பெண்கள் கோயில் சேவையிலிருந்து விடுபடலாம், நிலமும் அவர்களுக்கே நிற்கும். பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை அவர் கொண்டு வந்தது அதற்குப் பிறகுதான்.

1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். அந்த மசோதா சட்டமாக 1947 வரை ஆயிற்று. அவர் அதுவரை கை கட்டி உட்காரவில்லை. 1930-இலேயே மூன்று இளம்பெண்கள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். ஆதரவில்லாத பெண்களுக்கு அங்கே படிப்பும் தொழிலும் கிடைத்தன.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த நோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று பல வருஷம் அலைந்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

படம் பார்த்ததும் பலர் முதல் பெண், முதல் பெண் என்றுதான் பேசிக்கொண்டார்கள். என் மனதில் நின்றது 1929-ஆம் வருஷத்துத் திருத்தம். ஒருத்தியை ஒரு தொழிலை விடு என்று சொல்வதற்கு முன்னால் அவள் உலைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று யோசித்தது.

எங்கள் ஊராட்சியில் இதே கேள்வி வந்தது. புருஷன் இல்லாத ஒரு அக்கா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாராயம் விற்றுக்கொண்டிருந்தார். போலீசில் சொல்லலாம் என்று கூட்டத்தில் பாதிப் பேர். அவர் வியாபாரத்தால் தாலி இழந்தவர்களும் எங்கள் குழுவில் இருந்ததால் அந்தக் கோபம் பொய் இல்லை. இரண்டு கூட்டம் சண்டையிலேயே போயிற்று. மூன்றாவது கூட்டத்தில் நான் முத்துலட்சுமி அம்மா கதையைச் சொன்னேன். சாராயத்தை நிறுத்துவதாக அந்த அக்கா எழுதிக் கொடுப்பது, அதே நாளில் குழுவில் சேர்த்துக் கறவை மாட்டுக்குக் கடன் கொடுப்பது, இரண்டையும் ஒரே தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஜாமீன் யார் என்று கேட்டபோது முதலில் எழுந்தது, சாராயத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு சகோதரிதான்.

இந்த மாதம் அந்தக் கடனுக்கு எட்டாவது தவணை வரவாகியிருக்கிறது.