மளிகைக் கடைப் பையன் கட்டிய சாம்பியன் குழு

2024-ஆம் ஆண்டு இப்ஸ்விச் டவுன் குழு 22 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலீஷ் பிரிமியர் லீக்கிற்கு உயர்வு பெற்றது. நம் ஊர் இளம் ரசிகர்கள் பலர் அப்போதுதான் அந்தப் பெயரைக் கவனித்திருப்பார்கள். ஒரே பருவத்தில், 22 புள்ளிகளோடு, அது மீண்டும் கீழே இறங்கியது. பணக்காரக் குழுக்களுக்கு நடுவே உயர்வு பெற்று வரும் சிறிய குழுவுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்.

இதே இப்ஸ்விச் 1961-இல் தன் வரலாற்றில் முதன்முறையாக முதல் டிவிஷனில் கால் வைத்தது. வைத்த ஆண்டிலேயே லீக் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் குழுவைக் கட்டியவர் ஆல்ஃப் ராம்சே. 1966 உலகக் கிண்ணத்தை இங்கிலாந்துக்கு வென்று கொடுத்த நிர்வாகி என்றுதான் உலகம் அவரை அறியும். ஆனால், அந்த உலகக் கிண்ணத்திற்கான வேலை இப்ஸ்விச்சின் போர்ட்மன் ரோடு திடலில்தான் தொடங்கியது.

ராம்சே 1920 ஜனவரி 22-ஆம் தேதி லண்டனை அடுத்த டேகன்ஹாமில் பிறந்தார். இன்று அது நெருக்கமான புறநகர். அன்றோ வயலும் வைக்கோலுமாக இருந்த இடம். தந்தை சிறு நிலத்தில் பாடுபட்டு, வைக்கோல் வியாபாரமும் செய்தவர். வீட்டில் மின்சாரம் கிடையாது, குழாயில் வெந்நீர் கிடையாது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகளுக்கு அந்த வீட்டை விவரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

14 வயதில் பள்ளியை விட்டவர், கூட்டுறவு மளிகைக் கடையில் வேலை பழகும் பையனாகச் சேர்ந்தார். சைக்கிளில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. சனிக்கிழமையும் கடை உண்டு. இங்கிலாந்தில் காற்பந்து ஆடுவதே சனிக்கிழமைதான் என்பதால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் குழுவாக ஆடும் வாய்ப்பே இல்லாமல் இருந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆடும் ஓர் உள்ளூர்க் குழு கிடைத்தது. ஞாயிறு ஆட்டத்திற்கு அந்நாளில் காற்பந்துச் சங்கம் தடை விதித்திருந்தது என்பது வேறு கதை.

1940-இல் இராணுவம் அவரை அழைத்துக்கொண்டது. பண்டகசாலை சார்ஜெண்ட் வரை உயர்ந்தார். மளிகைக் கடையில் கற்ற கணக்கு அங்கே உதவியிருக்க வேண்டும். இராணுவக் குழுவுக்கு ஆடியபோது சௌத்தாம்டன் கழகத்தின் கண்ணில் பட்டார். போர் முடிந்ததும் அதுவே முழுநேரத் தொழிலாயிற்று.

வலது தற்காப்பில் ஆடிய ராம்சேயிடம் வேகம் இல்லை. ஓட்டத்தில் தன்னை வெல்லக்கூடிய ஆட்டக்காரர்களோடு மோதியே ஆக வேண்டியவர், பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே படிக்கப் பழகினார். இல்லாததை மூளையால் ஈடுகட்டும் அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை. 1949-இல் டோட்டன்ஹாம் அவரை 21,000 பவுண்டு மதிப்பில் வாங்கியது. அங்கே ஆர்தர் ரோவ் என்ற நிர்வாகி, பந்தைத் தள்ளிவிட்டு உடனே அடுத்த இடத்திற்கு ஓடும் எளிய ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். 1950-இல் டோட்டன்ஹாம் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். 1951-இல் முதல் டிவிஷன் சாம்பியன். உயர்வு பெற்ற மறு ஆண்டே பட்டம் வெல்லலாம் என்பதை ராம்சே ஆட்டக்காரராகவே அனுபவித்துத் தெரிந்துகொண்டார். அவரோடு தோளோடு தோள் நின்று ஆடியவர் பில் நிக்கல்சன். இந்தப் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

இங்கிலாந்துக்காக 32 ஆட்டங்கள் ஆடினார். பெருமையோடு அவமானமும் சேர்ந்தே வந்தது. 1950 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவிடம் 1-0 எனத் தோற்ற குழுவிலும் அவர் இருந்தார். 1953 நவம்பரில் வெம்பிளியில் ஹங்கேரியிடம் 6-3 எனச் சிதறிய குழுவிலும் இருந்தார். அந்த ஆட்டத்தில் பினால்டி மூலம் ஒரு கோல் அடித்தார். அதுவே நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

1955 ஆகஸ்டில் இப்ஸ்விச் அவரை நிர்வாகியாக்கியது. கழகம் அப்போது மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவில் கிடந்தது. லீக்கிலேயே 1938-இல்தான் இடம் கிடைத்திருந்தது. மதுபானத் தொழில் நடத்திய கோபோல்ட் குடும்பம் கழகத்தைக் கவனித்து வந்தது. நிர்வாகியின் வேலையில் மூக்கை நுழைக்காத முதலாளிகள் அவர்கள். அது பணத்தை விடப் பெரிய உதவி.

புதிய ஆட்டக்காரர்களை வாங்கிக் குவிக்க வழியில்லை. இருந்தவர்களை உட்கார்ந்து கவனித்தார் ராம்சே. ஜிம்மி லெட்பெட்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1,750 பவுண்டுக்கு வாங்கப்பட்டவர், ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தார். மெலிந்த உடம்பு. வேகமும் கிடையாது. ஆனால் பந்தை நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைப்பார். அவரை இடது விங்கில் போட்டார் ராம்சே. போட்டுவிட்டு, விங்கரைப் போல ஓடாதே, நடுத்திடல் பக்கமாகப் பின்வாங்கி நில் என்றும் சொல்லிவிட்டார்.

இதில் இருந்த சூட்சுமம் எளிது. அந்நாளில் விங்கரை எதிரணியின் ஓரத் தற்காப்பாளர்தான் காவல் காப்பார். லெட்பெட்டர் பின்வாங்கி நின்றால் அவரைத் துரத்திக்கொண்டு முன்னே போக வேண்டும். போனால் அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய ஓட்டை விழும். போகாமல் நின்றாலோ, லெட்பெட்டர் சாவகாசமாக நிமிர்ந்து பார்த்து, முன்னணியில் காத்திருக்கும் இருவருக்கும் பந்தைத் தூக்கி அனுப்பிவிடுவார். வலப்பக்கம் 3,000 பவுண்டுக்கு வந்த ராய் ஸ்டீபன்சன் இதே வேலையைச் செய்தார்.

முன்னணியில் இருந்தவர்கள் ரே கிராஃபர்டும் டெட் பிலிப்ஸும். பிலிப்ஸ் உள்ளூர் சஃபோக் கிராமத்துக்காரர். பந்தை அவர் உதைத்தால் கோல் காவலர் கை வைக்கவே யோசிப்பார். கிராஃபர்டுக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கட்டாய இராணுவச் சேவைக்காக மலாயாவுக்கு அனுப்பப்பட்டு, அவசரகாலத்தில் இங்கே காடு மிதித்தவர் அவர். பின்னாளில் வெளியிட்ட சுயசரிதையின் தலைப்பில்கூட காட்டுப் பையன் என்றே தம்மைக் குறித்துக்கொண்டார்.

1957-இல் மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவுப் பட்டம். அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் பிலிப்ஸ் 41 கோல் போட்டார். பிறகு இரண்டாம் டிவிஷனில் மூன்று ஆண்டுகள் சாதாரணமாகவே போயின. 1960-61 பருவத்தில் கிராஃபர்ட் 40, பிலிப்ஸ் 30 என அடித்துத் தள்ள, குழு சாம்பியனாகி மேலே ஏறியது.

ஏறிய நேரமோ மோசமான நேரம். ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு 1961 ஜனவரியில்தான் நீக்கப்பட்டிருந்தது. ஃபுல்ஹாம் கழகம் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுக்கத் தொடங்கியது. இனி பணம் உள்ளவன் கைதான் ஓங்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முதல் பருவத்திற்காக இப்ஸ்விச் செய்த பெரிய செலவு, 12,000 பவுண்டு சொச்சத்திற்கு டூகி மோரனை வாங்கியது மட்டுமே. குழு முழுவதையும் சேர்த்தாலே ஏறத்தாழ 30,000 பவுண்டுதான். அந்த டிசம்பரில் டோட்டன்ஹாம், ஜிம்மி கிரீவ்ஸ் என்ற ஒரே ஆளை 99,999 பவுண்டுக்கு வாங்கியது. நிர்வாகி பழைய தோழர் பில் நிக்கல்சன்.

தொடக்கமும் சுகமில்லை. போல்டனோடு 0-0. பர்ன்லியிடம் 4-3 தோல்வி. சொந்தத் திடலில் மான்செஸ்டர் சிட்டியிடம் 4-2 தோல்வி. இந்தக் குழு நிற்காது என்று ஊர் முடிவு கட்டிய வாரத்தில், அதே பர்ன்லியை 6-2 என வீழ்த்தியது இப்ஸ்விச். அதற்குப் பிறகு எதிரணிகளுக்கு லெட்பெட்டரை என்ன செய்வதென்று புரியவே இல்லை. முந்திய ஆண்டு லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்ற டோட்டன்ஹாமை அக்டோபரில் 3-2 எனவும், மார்ச்சில் அதன் சொந்தத் திடலிலேயே 3-1 எனவும் தோற்கடித்தனர்.

1962 ஏப்ரல் 28-இல் கடைசி ஆட்டம், ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக. ஏறத்தாழ 29,000 பேர் கூடியிருந்தனர். கிராஃபர்ட் இரண்டு கோல் அடித்தார். பர்ன்லி வேறிடத்தில் செல்சியோடு சமன் செய்ததால் பட்டம் இப்ஸ்விச்சுக்கு உறுதியானது. புள்ளிகள் 56. பர்ன்லிக்கு 53, டோட்டன்ஹாமுக்கு 52. வெற்றிக்கு இரண்டு புள்ளிதான் என்ற காலம் அது. டோட்டன்ஹாமுக்கு எதிராக அடித்த அந்த இரண்டு வெற்றிகளைக் கணக்கில் மாற்றிப் போட்டுப் பார்த்தால், பட்டம் எங்கே போயிருக்கும் என்பது விளங்கும்.

கொண்டாட்டத்தில் ராம்சே முகத்தில் சிரிப்பைக்கூடத் தேட வேண்டியிருந்தது. எல்லாரும் போன பிறகு, ஆளில்லாத அரங்கில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அவர் தனியாகத் திடலைச் சுற்றி ஓடினாராம். அப்போது அங்கே இருந்த தலைவர் ஜான் கோபோல்ட் பின்னாளில் சொன்னது இது.

மூன்றரை மாதத்தில் ரகசியம் உடைந்தது. 1962 ஆகஸ்டில் செரிட்டி ஷீல்டு ஆட்டம். ராம்சேயின் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை அறிந்த நிக்கல்சன், தம் தற்காப்பாளர்களை உள்பக்கமாக நகர்த்தி, லெட்பெட்டரையும் ஸ்டீபன்சனையும் வேறு ஆட்களை விட்டு மடக்கினார். டோட்டன்ஹாம் 5-1. மற்றக் குழுக்கள் அதைப் பார்த்து அப்படியே செய்தன. ஐரோப்பியக் கிண்ணத்தில் மால்டாவின் ஃபுளோரியானாவை 10-0 என நசுக்கியதும், அந்த ஆண்டு கிண்ணத்தை வென்ற ஏசி மிலானை ஊரில் 2-1 என வீழ்த்தியதும்தான் மிச்சம். லீக்கில் 17-ஆம் இடம்.

அதற்குள் இங்கிலாந்து அழைத்துவிட்டது. 1962 அக்டோபரில் நியமனம், 1963 மே மாதம் முழுப் பொறுப்பு. அவர் போன மறு பருவத்தில் இப்ஸ்விச் 121 கோல்களை வாங்கி, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஃபுல்ஹாமிடம் மட்டும் ஒரே நாளில் 10. ராம்சேயின் வாழ்க்கையை எழுதும்போது இந்த இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வயதாகிக்கொண்டிருந்த குழுவை அவர் புதுப்பிக்கவில்லை. கையில் காசு இல்லை என்பது உண்மைதான். அடுத்தவருக்கு என்ன மிஞ்சும் என்று அவர் நினைத்துப் பார்த்த அடையாளமும் இல்லை.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 1966-இல் இங்கிலாந்தை விங்கர் இல்லாமல் ஆட வைத்தார். போர்ட்மன் ரோட்டில் தொடங்கிய யோசனையின் வளர்ச்சி அது. ஒரு லட்சம் பவுண்டு கிரீவ்ஸை இறுதியாட்டத்தில் வெளியே உட்கார வைத்தார். அவர் இடத்தில் ஆடிய ஜெஃப் ஹர்ஸ்ட் மூன்று கோல் போட, மேற்கு ஜெர்மனி 4-2 எனத் தோற்றது. மறு ஆண்டு சர் பட்டம். மளிகைக் கடைப் பையன், தன் பேச்சையே மாற்றிக்கொண்டு கனவான்களைப் போல உச்சரிக்கப் பழகியதைப் பத்திரிகைகள் கேலி செய்தன. ஆட்டக்காரர்கள் கேலி செய்யவில்லை. அவருக்காக உயிரைக் கொடுத்து ஆடினார்கள்.

1973 அக்டோபரில் போலந்தோடு 1-1 எனச் சமன் ஆனதால் உலகக் கிண்ண வாய்ப்பு போனது. 1974-இல் அவரை நீக்கினார்கள்.

வேலை போன பிறகும் அவர் லண்டனுக்குத் திரும்பவில்லை. இப்ஸ்விச்சிலேயே மனைவியோடு வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் நினைவு மங்கும் நோய் வந்தது. 1999 ஏப்ரல் 28-ஆம் தேதி காலமானார். வில்லாவை வென்று பட்டம் வாங்கிய அதே தேதி, 37 ஆண்டுகள் கழித்து. போர்ட்மன் ரோடு அரங்கின் ஓரமாகப் போகும் சாலை இப்போது சர் ஆல்ஃப் ராம்சே சாலை. அதன் முனையில் அவருடைய சிலை நிற்கிறது. ஆட்ட நாளில் ரசிகர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.